மேசைக்கு வெளியே நின்றவர்கள்: யாழ்ப்பாணத்துச் சமாதான முயற்சிகள், ஒரு மீள்பார்வை

2002 ஏப்ரல் 8 அன்று ஏ-9 வீதி யாழ்ப்பாணம் வரை திறந்தது. 1990 இலிருந்து முதலில் கிளாலிக் கடலேரியில் படகிலும், பிறகு கப்பலிலும் விமானத்திலும் போய்வந்த குடாநாட்டுச் சனம் முகமாலையில் பொதிகளோடு வரிசையில் நின்றது. வீதியைத் திறந்துவிட்டது பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த ஒப்பந்தம். அதில் இருந்தவை இரண்டு கையெழுத்துகள்: பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவினது ஒன்று, விடுதலைப் புலிகளின் தலைவர் வே. பிரபாகரனது மற்றொன்று. முப்படைகளுக்கும் தளபதியான ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, தன்னோடு யாரும் கலந்துபேசவில்லை என்றார். வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களின் சார்பில் யாரும் இருக்கவில்லை. நாலு வருடங்கள் கழித்து, 2006 ஆகஸ்ட் 11 அன்று, அதே முகமாலையில் சண்டை வெடித்து வீதி மூடிக்கொண்டது.

எங்கள் ஒப்பந்தங்கள் ஏன் உடைந்தன என்று கேட்டால் நம்பிக்கையீனம், துரோகம், சர்வதேசத்தின் சூழ்ச்சி என்று பதில் வரும். எதுவும் முழுப் பொய்யில்லை. ஆனால் 1957 இலிருந்து இன்றுவரைக்கும் நடந்த முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொன்று துலங்குகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு வகையினர் மேசைக்கு வெளியே நின்றார்கள். உடன்பாட்டை உடைக்க வல்லவர்கள் ஒரு வகை. உடன்பாட்டின் விலையைத் தங்கள் காணியிலும் தொழிலிலும் சுமக்க வேண்டியவர்கள் மற்ற வகை. முதல் வகையினரை மறந்தபோது ஒப்பந்தம் உடைந்தது. இரண்டாம் வகையினரை மறந்தபோது அது உயிரோடு இருந்தும் பயனில்லாமற் போனது.

சமாதான ஆய்வு என்ற துறை இதை வேறு சொற்களில் பேசியிருக்கிறது. நோர்வே அறிஞர் யொஹான் கல்ருங் 1969 இல் எழுதிய கட்டுரையில், ஆளை ஆள் தாக்கும் நேரடி வன்முறைக்கு அடியில் சமூக அமைப்பே செய்கிற வன்முறை ஒன்று உண்டு என்றார். துவக்கு ஓய்வது ஒரு சமாதானம். அந்த அமைப்பு மாறுவது வேறொரு சமாதானம். 1970களின் தரப்படுத்தலை நினைத்துப் பாருங்கள். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டியிருந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஒரு சுற்றறிக்கை போதுமாயிருந்தது. அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் இயக்கங்களுக்குப் போனார்கள் என்பதை நாங்கள் அறிவோம்.

1992 இல் ஐ.நா. செயலாளர் நாயகம் பூட்ரஸ் பூட்ரஸ் காலி சமாதானத்தை உண்டாக்குதல், காத்தல், கட்டியெழுப்புதல் என்று மூன்று வேலைகளைப் பிரித்துச் சொன்னார். குடாநாடு மூன்றையும் கண்டிருக்கிறது, ஒழுங்கு மாறி. ஸ்ரீபன் ஸ்ரெட்மன் 1997 இல் எழுதிய கட்டுரை, சமாதானத்தால் தமக்கு ஆபத்து என்று எண்ணி அதை வன்முறையால் குலைப்பவர்களைப் பற்றியது. அவர்களைக் குழப்பிகள் என்று சொல்லலாம். பயனுள்ள கருத்துத்தான். எனினும் குழப்பியை அது முதலிலேயே வில்லனாக்கிவிடுகிறது என்பது என் குறை. எங்கள் வரலாற்றில் பலர் குழப்பியாகப் பிறக்கவில்லை. கதவுக்கு வெளியே நிறுத்தியபின் கல்லெறிந்தார்கள்.

1957 ஜூலை 26 இல் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் செய்த உடன்படிக்கை காலத்தை நோக்க மிதமானது: பிரதேச சபைகள், வடக்குக் கிழக்கில் தமிழில் நிர்வாகம், குடியேற்றத்துக்கு ஒரு கட்டுப்பாடு. இரண்டு தலைவர்களும் இணங்கினால் போதும் என்று நம்பினார்கள். ஐக்கிய தேசியக் கட்சி அந்த அறையில் இல்லை. அதனால் ஜே.ஆர். ஜெயவர்த்தன ஒக்டோபரில் கண்டிக்கு நடக்கத் தொடங்கினார். பிக்குகள் இல்லை. 1958 ஏப்ரலில் அவர்கள் பிரதமரின் றோஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் அமர்ந்தார்கள், அன்றே உடன்படிக்கை கிழிந்தது. மே மாதம் கலவரம். யாழ்ப்பாணத்துக்குள்ளும் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் அதை எதிர்த்தது என்பதை நாங்கள் வசதியாக மறந்துவிடுகிறோம். 1965 இல் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தில் கட்சிகள் இடம் மாறி நின்றன. முன்பு கவிழ்த்தவர்கள் கையெழுத்திட்டார்கள், முன்பு கையெழுத்திட்ட கட்சி தெருவுக்கு வந்தது. மாவட்ட சபைகள் வரவேயில்லை.

1987 ஜூலை 29 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் விடுபட்டது இன்னும் பெரிது. போரிட்டவர்களில் ஒரு தரப்பான புலிகளோ வேறெந்தத் தமிழ் அமைப்போ அதில் கையெழுத்திடவில்லை. ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் இட்டார்கள். கொழும்பில் பிரதமர் பிரேமதாசவே எதிர்த்தார். அமைதிகாக்க வந்த இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் ஒக்டோபர் 10 இல் போர் தொடங்கியது. 21 ஆந் திகதி, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளரும் வைத்தியர்களும் தாதியரும் கொல்லப்பட்டனர். இரு தரப்பின் சம்மதமும் இருந்தால்தான் ஒரு படை அமைதியைக் காக்க முடியும் என்பது ஐ.நா.வின் பழைய பாடம். இங்கே அதைக் கற்கப் பெரிய விலை கொடுத்தோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினரும் உயிரிழந்தனர்.

சந்திரிகா அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான 1994-95 பேச்சுகள் யாழ்ப்பாணத்திலேயே நடந்தன. நாலு சுற்று, ஏராளமான கடிதங்கள், ஒழுங்கான கண்காணிப்பு இல்லை. 1995 ஏப்ரல் 19 இல் திருகோணமலையில் புலிகள் இரண்டு கடற்படைக் கலங்களைத் தகர்த்தனர், போர் மீண்டது. படையினர் யாழ்ப்பாணத்தை நெருங்க, ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தது.

2002 ஐச் சற்று நின்று பார்க்கவேண்டும். அந்த முயற்சிக்குத்தான் உலகின் கவனமும் பணமும் அதிகம் கிடைத்தன. இரு தரப்பும் வெல்லமுடியாமல் இருவருக்கும் வலிக்கிற முட்டுக்கட்டை நிலையில்தான் பேச்சுக்கான தருணம் கனிகிறது என்பது வில்லியம் சார்ட்மனின் கருத்து. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் புலிகளிடம் விழுந்தது. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. அவ்வருடம் சுதந்திரத்துக்குப் பின் முதல் தடவையாக இலங்கைப் பொருளாதாரம் சுருங்கியது. குடாநாட்டை மீட்கமுடியாமற் புலிகளும் களைத்திருந்தார்கள். தருணம் கனிந்துதான் இருந்தது. நோர்வே இடையில் நின்றது. ஐந்து நோர்டிக் நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். அவர்களால் மீறல்களைப் பதியமுடிந்தது, தடுக்க அதிகாரம் இருக்கவில்லை.

2003 ஏப்ரலில் வாஷிங்டனில் உதவி வழங்கும் நாடுகள் கூடின. அமெரிக்கா புலிகளைத் தடைசெய்திருந்ததால் அவர்கள் அழைக்கப்படவில்லை. அதையும் காரணங்காட்டிப் பேச்சை இடைநிறுத்தினார்கள். நவம்பரில் சந்திரிகா பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்தார். முஸ்லிம் தனித் தரப்பு என்ற கோரிக்கை ஏற்கப்படாமல், முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் அரசாங்கக் குழுவின் உறுப்பினராகவே அமர்ந்தார். 2005 இல் அரசும் புலிகளும் ஆழிப்பேரலை நிவாரணத்துக்கென உடன்பட்ட பொதுக்கட்டமைப்பை உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை முடக்கியது. ஒன்றன்பின் ஒன்றாக, வெளியில் நின்றவர்கள் கைவைத்தார்கள். நோர்வே தன் பங்கை மதிப்பிடப் பணித்த ஆய்வுக்கு, 2011 இல் வெளிவந்தபோது, ஆய்வாளர்கள் இட்ட தலைப்பின் பொருள் ‘சமாதானத்தின் பகடைக்காய்கள்’.

ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்தச் சமாதானம் சோதிக்கப்பட்டது வலிகாமம் வடக்கில். 1990 ஜூனில் மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறை மக்கள் வெளியேறினர், ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர்நிறுத்த ஒப்பந்தம் வழிபாட்டிடங்களை விட்டு வெளியேற 30 நாளும் பாடசாலைகளுக்கு 160 நாளும் கெடு வைத்தது. வலயத்துக்குள் இருந்த வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அப்படி ஒரு கெடு இல்லை. அதைப் பேசவென்று அமைத்த துணைக்குழுவில், 2002 டிசெம்பரில் யாழ்ப்பாணக் கட்டளைத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா, புலிகள் ஆயுதம் களைந்தால்தான் வலயம் சுருங்கும் என்றார். புலிகள் மறுத்தார்கள். துணைக்குழு அத்தோடு செத்தது.

றொஜர் பிஷரும் வில்லியம் யூரியும் 1981 இல் எழுதிய சிறு நூல் ஒன்று, தரப்புகள் சொல்லும் நிலைப்பாட்டுக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் உண்மைத் தேவைக்கும் வேறுபாடு காணச் சொல்கிறது. இராணுவத்தின் தேவை, பலாலி ஓடுபாதைக்கும் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கும் பீரங்கி எட்டாமை. மக்களின் தேவை வளவும் செம்மண் தோட்டமும் வள்ளத்துறையும். இவற்றைத் துண்டு துண்டாகப் பொருத்திப் பார்த்திருக்கலாம். ஆனால் நலன்புரி நிலையத்தில் இருந்த மயிலிட்டிக்காரர் எவரையும் அந்த மேசைக்குக் கூப்பிடவில்லை. பேசியவை இரண்டு படைகள். ஓடுபாதையும் எறிகணையும்தான் அவர்கள் கண்ணில் பட்டன.

போர் முடிந்தும் காணி திரும்பவில்லை. 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015 இலிருந்து பகுதி பகுதியாக விடுவிப்பு. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம். இன்னும் காணி பாக்கி உண்டு. தையிட்டியில் தனியார் காணியில் எழுந்த விகாரையின் முன் 2023 இலிருந்து பௌர்ணமிதோறும் உரிமையாளர்கள் கூடி எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள். இதில் மதப்பிணக்கைத் தேடுகிறவர்கள் முதலில் காணி உறுதியைக் கேட்டு வாசிக்கவேண்டும்.

சின்ன அளவிலான தீர்வு வழிகளும் உண்டு, அவற்றைப் பற்றி யாரும் மாநாடு வைப்பதில்லை. கதியால் தள்ளி நட்ட வேலிச் சண்டையும் ஒழுங்கைத் தகராறும் குடாநாட்டு நீதிமன்றங்களின் பழைய சோறு. 1988 இன் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் அவற்றிற் பலவற்றைச் செலவில்லாமல் முடிக்கின்றன. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இன்னும் முக்கியமானது. பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் உரித்துக் கேட்கலாம் என்பது இலங்கையின் பொதுவிதி. ஊரைவிட்டு ஓடியவரின் வளவில் வேறொருவர் இருபது வருடம் இருந்தால் காணி அவருக்காகிவிடும். 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது அச்சட்டம். ஆயினும் அதன் வாசகம் ஆயுதக் குழுக்களின் செயலால் தடைப்பட்டவரை மட்டுமே பேசுகிறது. எறிகணைக்கும் படைநகர்வுக்கும் பயந்து ஓடியவர் எங்கே நிற்கிறார் என்பது தெளிவில்லை.

எல்லாக் குற்றத்தையும் கொழும்பின் தலையில் கட்டிவிட்டு எழும்ப முடியாது. கோயிலிலும் தேநீர்க்கடையிலும் சாதி பார்த்துத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இலேயே வந்தது. சட்டம் வந்தும் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து கிளம்பிய ஊர்வலத்தைப் பொலிஸ் தாக்கியது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தினர் நின்றபோது, உள்ளே மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம். தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று முதலில் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அமைதியாக இருந்த ஊரில் பிணக்கை மூட்டினார்கள் என்று அந்தப் போராட்டக்காரர்களை அன்று பலர் ஏசினார்கள். பிணக்கு மேலே வந்திருக்காவிட்டால் அந்த ‘அமைதி’ இன்றும் நிலைத்திருக்கும். முரண்பாட்டை அடக்குவதும் தீர்ப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் மண்ணில் இல்லை.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி புலிகள் உத்தரவிட்டனர். வடமாகாணம் முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் தஞ்சமடைந்தார்கள். அயலில் இருந்த தமிழர்களின் எதிர்ப்புக் குரல் மிகக் குறைவு. பயம் ஒரு காரணம், முழுக்காரணம் அல்ல. 2002 ஏப்ரலில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார், பிரபாகரனும் ஹக்கீமும் உடன்பாடு செய்தார்கள். பிறகு திரும்பி வந்தவர்களுக்குச் சோனகதெருவில் கூரையில்லாத சுவர்கள் மட்டும் காத்திருந்தன. ஒரு குடும்பம் நாலாகப் பெருகியிருக்க, உதவித்திட்டம் ஒரு வீட்டைக் கணக்கில் எடுத்தது. மற்றவர் எங்களுக்குச் செய்ததை எழுதும் நீளத்துக்கு நாங்கள் மற்றவருக்குச் செய்ததைத் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதியதில்லை.

ஜோன் போல் லெடராக் என்ற ஆய்வாளர் சமூகத்தை மூன்று படிகளாகப் பார்க்கிறார்: மேலே தலைவர்கள், கீழே சனம், நடுவில் ஆசிரியர், மதகுரு, வைத்தியர், சங்கத் தலைவர். சமாதானத்தைத் தாங்குவது இந்த நடுப்படிதான் என்கிறார். 1984 இல் வடமராட்சியில் இளைஞர்கள் கூட்டமாகப் பிடிபட்டபோது கச்சேரிக்கு ஊர்வலம் போன அன்னையர் முன்னணி அப்படியான ஒன்று. பிரஜைகள் குழுக்கள் இன்னொன்று. ஒரு பக்கம் அரசும் மறுபக்கம் இயக்கங்களும் அந்தப் படியை உடைத்தன. ‘முறிந்த பனை’ நூலாசிரியர்களில் ஒருவரான மருத்துவபீட விரிவுரையாளர் ரஜனி திராணகம 1989 செப்ரெம்பர் 21 இல் சுடப்பட்டார். 2002 இல் சமாதானம் வந்தபோது மேலே கையெழுத்தும் கீழே எதிர்பார்ப்பும் இருந்தன. இரண்டையும் இணைக்கத் துணிந்து நின்றவர்கள் மிகச் சிலர்.

கூப்பிட்டுக் கேட்டால் போதுமா? போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. மனோரி முத்தெட்டுவகம தலைமையில் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கென அமைந்த கலந்தாய்வுச் செயலணி நாடெங்கும் 7,306 கருத்துகளைத் திரட்டி 2017 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. கையேற்க ஜனாதிபதியோ பிரதமரோ வரவில்லை. இம்முறை சனம் மேசையில் இருந்தது, எழும்பிப் போனவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அதே ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் இருந்துகொண்டே, மறு வருடம் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகத்தை ஏற்க மறுத்தார்கள். 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன, சிறுவருடையவையும் அவற்றுள் அடக்கம். பகுப்பாய்வும் வழக்கும் ஒழுங்காக முடியாமல் நல்லிணக்கம் பற்றிப் பேசவருகிறவர்களுக்கு அந்தத் தாய்மாரிடம் சொல்ல எதுவும் இருக்காது.

இன்று குடாநாட்டில் உயிரோடிருக்கும் பிணக்குகளில், அரசியல்வாதிகளின் மொழிக்கு அகப்படாதது கடல். இரு பக்கமும் தமிழர். 1974, 1976 உடன்படிக்கைகள் வரைந்த எல்லைக் கோட்டைத் தாண்டித் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வருகின்றன. அவை தொழிலுக்கு இறங்கும் திங்கள், புதன், சனி இரவுகளில் வடபகுதிக் கடற்றொழிலாளர்கள் வலை போடத் துணிவதில்லை. போட்டால் இலட்சக்கணக்கில் பெறுமதியான வலை அறுந்துபோகும். முப்பது வருடப் போரில் கடல் மறிக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில்தான் எதிர்க்கரையில் இழுவைப்படகுத் தொழில் இந்தளவுக்குப் பெருத்தது. இன்னொரு செய்தி: இந்தியாவில் மீன்பிடியை இயந்திரமயமாக்கிய பெருந்திட்டங்களில் முன்னோடி, 1950களில் கேரளத்தில் நோர்வேயின் உதவியோடு தொடங்கியது. பிறகு சமாதானத் தூதராக எங்களிடம் வந்ததும் அதே நோர்வே.

இந்தப் பிணக்கில் கடற்றொழிலாளர்களே நேருக்கு நேர் பேசியிருக்கிறார்கள். 2010 ஆகஸ்டில் இலங்கைக் கடற்றொழிலாளர் குழு தமிழ்நாட்டுக்குப் போய், ஒரு வருடத்தில் இழுவைமடியை நிறுத்தும் இணக்கத்தோடு திரும்பியது. நிற்கவில்லை. 2014 இல் சென்னையிலும் கொழும்பிலும் பேச்சு. அடுத்தடுத்த சந்திப்புகளில் தமிழ்நாட்டுத் தரப்பு மூன்று வருடம் கேட்டது, வடக்கு மறுத்தது. 2016 இல் டில்லியில் கூட்டுப் பணிக்குழு அமைந்தது. 2017 இல், பாராளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் முன்னெடுத்த சட்டத்திருத்தம் இலங்கையில் இழுவைமடித் தொழிலையே தடைசெய்தது. இந்தியா இரண்டாயிரம் இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்ற மானியம் அறிவித்தது. மாறியவை மிகச் சில.

2010 இன் இணக்கம் ஏன் நிற்கவில்லை? உடன்பட்டவர்கள் சங்கத் தலைவர்கள். படகுகளில் முதலிட்டவர்கள் பலரும் அங்கே இல்லை. நாட்கூலிக்கு ஏறுகிறவன் நிச்சயமாக இல்லை, கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருப்பவன் அவனே. உரிமையாளருக்குப் படகு போகிறது, தொழிலாளிக்கு மாதங்கள் போகின்றன. பிடிபட்ட படகுகள் மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டிக் கிடந்து, இருபத்தேழு வருடம் காத்திருந்து துறையைத் திரும்பப் பெற்றவர்களின் இடத்தை அடைக்கின்றன. காணிப் பிணக்கும் கடற்பிணக்கும் ஒரே அணையில் முட்டிக்கொண்டு நிற்கும் காட்சி அது.

என் மதிப்பீட்டில் கச்சதீவைத் திருப்பிக் கேட்கும் பேச்சு இதைத் தீர்க்காது. தீவு யாருடையதானாலும் இழுவைமடி கடலடியை வழித்துக்கொண்டுதான் போகும். தீர்வு படகைக் கரையேற்றுவதில் இருக்கிறது: எத்தனை படகை, என்ன விலைக்கு, எத்தனை வருடத்தில் இந்திய அரசு வாங்கும், கூலிக்காரருக்கு என்ன மாற்றுத்தொழில். இக்கரையிலும் ஒரு வேலை உண்டு. குருநகரிலும் வேறு சில துறைகளிலும் எங்கள் சொந்த இழுவைப்படகுகள் இருக்கின்றன. 2017 சட்டத்தை அவற்றின்மீது அரைமனதோடு அமுல்படுத்திக்கொண்டு ராமேஸ்வரத்தாரிடம் அதை முழுதாகக் கேட்க முடியாது. 2021 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குப் படகுப் பேரணி போனவர்கள் கேட்டதும் அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும்படிதான். எங்கள் இழுவைப்படகுக்காரரையும் கூப்பிட்டு இருத்தி, அவர்களுக்கு எவ்வளவு நட்டஈடு, எந்தத் திகதியோடு நிறுத்தம் என்பதை அடுத்த பேச்சுக்குப் போகுமுன் வடக்குச் சமாசங்கள் தமக்குள் முடித்துக்கொள்ளவேண்டும்.